காற்று வாங்குதல்

"காத்து வாங்க வந்தோம்" என்கிறார்கள்
வண்டியை விட்டு இறங்கியதுமே,
இரண்டு கையையும் விரித்து.
நானும்தான் வாங்குகிறேன்.
ஃபிங்கர்போஸ்ட் மருந்துக்கடையில்,
ஆஸ்பத்திரியில் ஸ்டாக் இல்லாத மாதங்களில்:
நீலம் ஒன்று, பழுப்பு ஒன்று.

இருபத்திரண்டு அறை, அறைக்கு மூன்று கம்பளி.
சீசனில் உதறாமலே மடித்துவிடச் சொல்வார்
மேனேஜர் பெள்ளிராஜ்.
உதறினால் எனக்கு வரும்,
உதறாவிட்டால் படுக்கிறவர்களுக்கு.
நான் உதறுவேன், பின்பக்கக் கம்பியில்,
காற்று எந்தப் பக்கம் போகிறதென்று
தைலமரத்து நுனியைப் பார்த்துவிட்டு.

மூச்சு உள்ளே வர மறுக்கிறது என்றுதான்
எல்லோரும் நினைக்கிறார்கள்.
இல்லை. வந்தது போக மறுக்கிறது.
செக்-அவுட் நேரம் தாண்டியும்
அறையைக் காலி செய்யாத கும்பல் மாதிரி
பழைய காற்று நெஞ்சுக்குள் சட்டமாய் உட்கார்ந்திருக்க,
புதுசு
பெட்டியோடு வாசலில் நிற்கிறது.

"பம்ப் பழகிட்டா விடாதுடி, புருஷன் மாதிரி"
என்பாள் சகாயராணி, தலையணை உறை மாற்றியபடி.
அவன் விட்டுப் போய் ஆறு வருஷம்.
இது இன்னும் ஸ்வெட்டருக்குள்தான் இருக்கு
என்றேன்.
சிரித்தால் இருமல் வரும். இரண்டு பேரும் சிரித்தோம்.

நீலத்தில் எண் கிடையாது.
ஆட்டினால் காலி டப்பாவும் சத்தம் போடும், பொய்ச் சத்தம்.
அதனால் காலண்டரில் கோடு, இருநூறு வரை.
ஹெலன் சிஸ்டர் என் நெஞ்சைத் தொடுமுன்
அந்தத் தாளைத்தான் பார்த்தாள்.
"ராத்திரி மட்டும் இத்தனையா? பழுப்பு எங்க?"
அலமாரியில். இரண்டு நாள் அடித்தேன், ஒன்றும் தெரியலையே.
"பல் தேச்சா மட்டும் உடனே என்ன தெரியுது?"
அன்றிலிருந்து பழுப்பு, பிறகு பிரஷ்,
வாய் நன்றாகக் கொப்பளிப்பு.
கோடுகள் மெலிந்து
வாரத்துக்கு ஒன்று, சில வாரம் அதுவும் இல்லை.

தை மாதம், புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல் வெளுத்த இரவு.
வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு
பதினான்காம் அறைக்கு வெளியே நின்றேன்.
டிவி இல்லை. பூனையும் இல்லை.
எனக்குத் தெரிந்த விசில்.

ஒன்பது வயசு இருக்கும். படுக்க வைத்து
நெஞ்சு முழுக்கத் தேய்க்கிறார் அப்பா,
காலையில் பூங்கா வாசலில் வாங்கிய யூகலிப்டஸ் தைலத்தை.
ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.
எனக்கே தொண்டையைப் பிடித்தது.
"மலைக் காத்துக்கே சரியாயிடும்னாங்க,
பம்பை வீட்லயே வச்சுட்டோம்."

எழுப்பி, முன்னால் சாய்த்து உட்கார வைத்தேன்.
ஈரத்துணியால் தைலத்தைத் துடைத்தேன்.
தண்ணீர் பாட்டிலின் அடியில் கத்தியால் ஓட்டை,
அதில் நீலத்தின் வாய்,
மறுமுனையில் பிள்ளையின் வாய்.
ஒன்று.
நீ எண்ணாதே, கண்ணு, நான் எண்ணுறேன்.
மெதுவா இழு. விடு. அவசரமில்லை, விடு.
இரண்டு. மூன்று.
நான்காவதற்குப் பின் தோள் இறங்கியது.
டாக்ஸிக்குச் சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்
என்று திரும்பினால்
வாசலில் பெள்ளிராஜ்,
என் கையையே பார்த்துக்கொண்டு.
நான்கு வருஷம் அவருக்குத் தெரியாமல் வைத்திருந்த கை.

அப்பா நீட்டிய நோட்டை வாங்கவில்லை,
பிறகு வாங்கிக்கொண்டேன். நீலம் சும்மா வருவதில்லை.
போர்வைக்குள்ளிருந்து அந்தப் பெண் கேட்டாள்:
"ஆன்ட்டி, உங்களுக்கு வந்தா
யார் எண்ணுவாங்க?"

காலண்டரில் நான்கு கோடு போட்டேன், சாய்வாக,
என்னுடையதோடு கலக்காமல் இருக்க.

"நாளைக்குப் பேசலாம்" என்றார் பெள்ளிராஜ்.
இது மூன்றாவது நாளை.
அறுபத்தாறு கம்பளியும் அப்படியே இருக்கின்றன.
தைலமரத்து நுனி கிழக்கே சாய்கிறது.
மேற்கே நகர்ந்து நின்று
உதறுகிறேன்.